கன்றுக்கும் குட்டிக்கும் ஊறுகாய்ப் புல்: பயிர்க் கழிவில் சைலேஜ் போட்டு ஊட்டும் முறை

பெரிய மாடு தின்றது போகத் தொட்டியில் கிடக்கிற சைலேஜை (காற்றுப் புகாமல் ஊறவைத்துப் புளிக்கவைத்த தீவனம்) வழித்தெடுத்துக் கன்றுக்குப் போடுவது பல பண்ணைகளில் நடப்பதுதான். சின்ன வயிறுதானே, மிச்சம் போதும் என்று ஒரு கணக்கு. சைலேஜ் விஷயத்தில் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். காலையில் கொட்டி, மாலைவரை எச்சில் பட்டுச் சூடேறிக் கிடந்ததைக் கறவை மாடு தின்றாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நான்கு மாதக் கன்று தாங்காது. அதுவும் போக, பெரிய மாட்டின் சாணம் பட்ட தீவனம் வழியாகக் குடற்புழு முட்டைகளும் ஜோனீஸ் என்ற நாள்பட்ட குடல் நோயின் கிருமியும் கன்றுக்குப் போய்ச் சேரும். அந்த நோய் கன்றுப் பருவத்தில் தொற்றி, சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஆகவே மூட்டையைப் பிரித்ததும் முதல் கை கன்றுக்கு. கன்று வைத்த மிச்சம் தாய்க்குப் போகலாம். தாய் வைத்த மிச்சம் கன்றுக்கு வரக் கூடாது.

கதிர் ஒடித்த மக்காச்சோளத் தட்டை, கரும்புக் கொழுந்தாடை, நிலக்கடலைக் கொடி, பழத்தோல், காய்கறி இலை என்று வயலிலும் ஆலையிலும் மிஞ்சுவதைக் காற்றுப் புகாமல் ஊறவைத்து, பால் மறந்த இளங்கால்நடைகளுக்கு ஊட்டுவது பற்றியது இந்தக் கட்டுரை. ஊறவைப்பதை விட ஊட்டுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆனாலும் வரிசைப்படியே போவோம்.

வயிறு தயாரா என்று பாருங்கள்

பிறந்த கன்றுக்கு வயிற்றில் நான்கு அறைகளும் இருக்கும், ஆனால் வேலை பார்ப்பது நான்காவது அறை மட்டும்தான். குடிக்கிற பால் முதல் அறையான பெருவயிற்றுக்குள் போகாமல், உணவுக்குழாயின் முடிவில் குழல் மாதிரி மடிந்துகொள்ளும் ஒரு பள்ளத்தின் வழியே நேராக அங்கே இறங்கிவிடும். வளர்ந்த மாட்டில் மொத்த வயிற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பெருவயிறு. கன்றில் அது சுருங்கிப்போன ஒரு பை.

அந்தப் பையை வளர்த்தெடுப்பது கன்றுத் தீவனம். அதிலுள்ள தானியம் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் பெருவயிற்றின் உட்சுவரில் சின்னச் சின்ன விரல்கள் போன்ற முளைகளை வளர்க்கின்றன. சத்தை உறிஞ்சுவது அந்த முளைகள். நார்த் தீவனம் பையை அகலப்படுத்தும், அசைபோடவும் பழக்கும், ஆனால் முளைகளை அவ்வளவாக வளர்க்காது. சைலேஜில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கிலோவில் ஏறத்தாழ 700 கிராம் தண்ணீர். இரண்டு மாதக் கன்று அதை வயிறு முட்டத் தின்றாலும் உள்ளே போன சத்து கொஞ்சம்தான். வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் "நல்லாத் தின்னுது" என்பார்கள்.

எனவே முதல் வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் தனியாகச் சுத்தமான தண்ணீரும் வையுங்கள். பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பால் பெருவயிற்றுக்குப் போவதில்லை. அங்கே நுண்ணுயிரிகள் பெருகத் தண்ணீர் வேண்டும். மூன்றாவது வாரத்தில் மென்மையான காய்ந்த புல் கொஞ்சம். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ கன்றுத் தீவனம் தின்றுவிட்டால் கன்றைப் பால் மறக்கடிக்கலாம். பெரும்பாலும் அது 8 முதல் 10 வாரத்தில் வரும். பால் மறந்த அதே வாரத்தில் சைலேஜைத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு அதிர்ச்சியை ஒன்றாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரம் விட்டு, மூன்று மாதம் நிறைந்த பிறகு தொடங்குங்கள். வெள்ளாட்டுக் குட்டிக்கும் செம்மறிக் குட்டிக்கும் மூன்று முதல் மூன்றரை மாதம்.

எந்தக் கழிவு ஆகும், எது ஆகாது

இளங்கால்நடைக்கு என்று எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது மூன்று: ஈரம், சர்க்கரை, நஞ்சு.

கதிர் ஒடித்தும் பச்சையாக நிற்கிற மக்காச்சோளத் தட்டைதான் ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது. தேவையான சர்க்கரை தண்டிலேயே இருக்கும், ஒரு நாள் வாடவிட்டால் ஈரமும் சரியாகிவிடும். புரதம் மட்டும் குறைவு. கரும்புக் கொழுந்தாடையும் அப்படியே. அதில் நார் தடிப்பு என்பதால் இன்னும் பொடியாக நறுக்க வேண்டும். நிலக்கடலைக் கொடி, பட்டாணித் தோல், பயறு வகைக் கொடிகளில் புரதம் உண்டு. ஆனால் அவை எளிதில் புளிப்பதில்லை, ஏனென்றால் உண்டாகும் அமிலத்தைத் தாங்கி நிறுத்தும் தன்மை பயறு வகைகளுக்கு அதிகம், சர்க்கரையோ குறைவு. அவற்றைத் தனியாகப் போடாமல் மக்காச்சோளத் தட்டையோடு மூன்றுக்கு ஒன்று கலந்து போட்டால் இரண்டின் குறையும் தீரும்.

அன்னாசித் தோல், ஆரஞ்சுச் சக்கை, தக்காளிச் சக்கை எல்லாம் நல்ல தீவனம்தான். ஆனால் தண்ணீராக ஒழுகும். பழத்தோலில் சர்க்கரை மிகுந்தால் சர்க்கரையைப் புளிப்பாக்கித் தீவனத்தைக் கெடாமல் காக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவுக்கு முன்னே ஈஸ்ட் புகுந்து சாராயமாக்கிவிடும். திறந்ததும் சாராய நெடி அடிக்கிற மூட்டையைக் குட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மரவள்ளி இலையில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பொடியாக நறுக்கி, ஒரு நாள் வாடவிட்டு, ஊறவைத்தால் அது பெருமளவு குறைந்துவிடும். இருந்தாலும் இளங்குட்டிக்கு முதல் தீவனமாக அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளும் அளவோடுதான். அதிகமானால் தைராய்டையும் ரத்தத்தையும் கெடுக்கும் பொருள்கள் அவற்றில் உண்டு.

வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியவை: வெங்காயக் கழிவு (ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்), ஆமணக்கின் எந்தப் பாகமும், பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் கொடியும், பருத்திக் கழிவு. பருத்தியிலுள்ள காசிப்பால் என்ற நஞ்சை வளர்ந்த மாட்டின் பெருவயிறு ஓரளவு முறித்துவிடும்; கன்றின் பெருவயிறோ அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. மருந்தடித்த வயலிலிருந்து வருவது என்றால், அந்த மருந்துக்குச் சொன்ன காத்திருப்பு நாள் முடிந்ததா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். பூசணம் பிடித்த கழிவும் சேராது. ஊறவைத்தால் பூஞ்சை நஞ்சு போய்விடும் என்பது வீண் நம்பிக்கை.

ஈரத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள்

100க்கு 65 முதல் 70 பங்கு ஈரம். இதுதான் இலக்கு. நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சாறு ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நின்று உள்ளங்கை நனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாட வேண்டும். உருண்டை மெல்ல மெல்ல விரிந்து, கையில் ஈரப்பசை மட்டும் இருந்தால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது; எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியே போகாது.

நான் முதன்முதலில் போட்ட டிரம் அன்னாசித் தோல். வாடவும் விடவில்லை, எதையும் கலக்கவும் இல்லை. மூன்றாவது வாரம் திறந்தபோது அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர், அதற்கு மேலே கூழ். கெட்ட வெண்ணெயும் வாந்தியும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். பியூட்டிரிக் அமிலத்தின் நாற்றம் அது. சோப்புப் போட்டுக் கழுவியும் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. 70க்கு மேல் ஈரம் போனால் கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியா கை ஓங்கி, லாக்டிக் அமிலத்தையும் புரதத்தையும் தின்று இப்படி ஆக்கிவிடும். அந்த டிரம் முழுவதும் எருக்குழிக்குப் போனது.

அடுத்த முறை கணக்குப் போட்டேன். அன்னாசித் தோலில் 85 பங்கு ஈரம், காய்ந்த வைக்கோலில் 10 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ தோலில் 68 கிலோ தண்ணீர். 20 கிலோ வைக்கோலில் 2 கிலோ. கூட்டினால் 100 கிலோவில் 70 கிலோ. இலக்கின் மேல் விளிம்பு அது. வைக்கோலை இன்னும் இரண்டு மூன்று கிலோ கூட்டினால் நிம்மதி. தக்காளிச் சக்கைக்கும் காய்கறி இலைக்கும் இதே மாதிரி எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

நறுக்குதல், நிரப்புதல், மூடுதல்

குட்டிகளுக்கு ஒரு செ.மீ. நீளம் போதும், கன்றுகளுக்கு இரண்டு செ.மீ. வரை போகலாம். நீளமாக இருந்தால் குட்டி மென்மையானதைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தடித் துண்டுகளை ஒதுக்கும். மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து பத்து செ.மீ. விட்டு அறுங்கள், வேரோடு பிடுங்கிய கொடியானால் வேரை வெட்டி எறியுங்கள். மண்ணோடுதான் கிளாஸ்டிரிடியமும், பின்னால் சொல்லப்போகும் லிஸ்டீரியாவும் உள்ளே போகும்.

பாத்திரம் எவ்வளவு பெரியது என்பதை வாய்களை எண்ணி முடிவு செய்யுங்கள். 200 லிட்டர் டிரம்மில் நன்றாக மிதித்தால் 120 கிலோ அளவுக்குப் பிடிக்கும். திறந்த பிறகு நாளுக்குப் பத்து செ.மீ. ஆழமாவது இறங்கினால்தான் மேற்பரப்பு கெடாது; டிரம்மில் அது சுமார் 14 கிலோ. நாளுக்கு இரண்டு கிலோ தின்னும் கன்று ஏழு இருந்தால் டிரம் சரி. பத்துக் குட்டி மட்டும்தான், தலைக்கு 300 கிராம் என்றால் நாளுக்கு மூன்று கிலோதான் போகும். அங்கே டிரம் திறந்தால் பாதி வீண். தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட 20 கிலோ மூட்டைகளாகக் கட்டுங்கள். ஒரு மூட்டை ஆறேழு நாளில் தீர்ந்துவிடும்.

நிரப்பும்போது ஒரு சாண் உயரத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கொட்டி, மிதித்து, ஓரங்களைக் குதிகாலால் அழுத்தி, அப்புறம் அடுத்த அடுக்கு. காற்று ஒளிந்திருப்பது எப்போதும் ஓரத்தில்தான். பயறு வகைக் கொடி, காய்கறி இலை மாதிரி சர்க்கரை குறைந்தவற்றுக்கு 100 கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ மொலாசஸை (கரும்பாலைப் பாகு) அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள். மக்காச்சோளத் தட்டைக்கும் பழத்தோலுக்கும் அது தேவையில்லை. உப்பு 100 கிலோவுக்கு அரை கிலோ.

யூரியா சேர்க்காதீர்கள். பெரிய மாட்டுக்குப் போடும் சைலேஜில் சிலர் யூரியா கலப்பது உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும் குட்டிக்கும் அது அமோனியா நஞ்சாக முடியலாம். அதனால் கன்றுக்கான மூட்டையைத் தனியாகக் கட்டி, மேலே நிறப் பெயின்டில் குறி வையுங்கள்.

அன்றே நிரப்பி அன்றே மூட வேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று இழுத்தால் இடையில் சூடேறி, சர்க்கரை எரிந்துபோகும். மூடிய பிறகு எலி கடிக்காத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எலி ஓட்டை போட்டால் பூசணம் வரும். எலியே உள்ளே செத்துக் கிடந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம்.

டிரம், மூட்டைக்குப் பதிலாகத் தரையில் குழி வெட்டிச் சைலேஜ் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் மூன்று வாரத்தில் குழிக்குள் கரியமில வாயுவும், சில சமயம் மஞ்சள் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் தேங்கும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, அடியில் தங்கும். குனிந்து பார்க்கிறேன் என்று தனியாக உள்ளே இறங்காதீர்கள். இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன சம்பவங்கள் உண்டு.

திறக்கும் நாள்

குறைந்தது 21 நாள். கன்றுக்கு என்றால் 40 நாள் பொறுத்திருப்பது என் வழக்கம், புளிப்பு நிலைப்பட்டிருக்கும்.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். இலையை இலையாகவும் தண்டைத் தண்டாகவும் அடையாளம் தெரியும். வாசனை புளித்த மோர் மாதிரி. கருகிய வெல்ல வாசனையும் கரும்பழுப்பும் இருந்தால் உள்ளே சூடேறியிருக்கிறது, புரதம் பாழ். வழவழப்பு, அழுகல் நெடி, வெள்ளை அல்லது நீலப் பூசணம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது பெரிய மாட்டுக்கு வேண்டுமானால் சரிப்படலாம். குட்டிக்கு அதைச் சுற்றி ஒரு சாண் ஒதுக்குங்கள். மூட்டைக்குள் இரண்டு மூன்று இடத்தில் பூசணம் என்றால் மூட்டையையே ஒதுக்குங்கள்.

மூக்கை நம்புவதோடு, புளிப்பை அளக்கும் பி.எச். காகிதமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் சைலேஜை 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, காகிதத்தை நனையுங்கள். 3.8 முதல் 4.2 வரை வந்தால் நிம்மதியாகக் கொடுக்கலாம். 5ஐத் தாண்டினால் குட்டிக்குக் காட்டவே வேண்டாம்.

எவ்வளவு, எப்படி

மூன்று மாதக் கன்று 70 கிலோ எடை என்று கொள்வோம். அதன் ஒரு நாள் உணவு, ஈரம் போக, சுமார் இரண்டு கிலோ. முதல் மூன்று நாள் சைலேஜ் நாளுக்கு 200 கிராம் மட்டும். அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை 200 கிராம் கூட்டிக்கொண்டே போனால் மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோவை நெருங்கும். நாலரை மாதம்வரை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். ஆறு மாதத்தில் நான்கு, நாலரை கிலோ. குட்டிக்கு 50 கிராமில் தொடங்கி, அதேபோல மூன்று நாளுக்கு 50 கிராம் கூட்டி, 300 கிராமில் ஒரு மாதம் நிறுத்துங்கள். ஆறு மாதத்தில் எடையைப் பொறுத்து 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை. கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். ஈரமான சைலேஜ் கைக்கு அடக்கமாக இருந்துகொண்டே எடையில் ஏமாற்றும்.

மூட்டையிலிருந்து எடுத்ததைக் கால் மணி நேரம் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். காரமான நெடி போய்விடும். காலையில் வெறும் வயிற்றில் அதை முதலில் காட்டாமல், கன்றுத் தீவனத்துக்கும் காய்ந்த புல்லுக்கும் பிறகு, கால் வைக்க முடியாத உயரத்தில் ஒரு தொட்டியில் போடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால் பட்டினி போட்டுப் பழக்க வேண்டாம். பழகிய குட்டி ஒன்றைப் பக்கத்தில் விடுங்கள், இரண்டு நாளில் போட்டி போட்டுத் தின்னும்.

கன்றுத் தீவனத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சைலேஜால் நிரப்பும் ஆசை வரும். அங்கேதான் வளர்ச்சி நின்றுபோகிறது. தட்டைச் சைலேஜில், ஈரம் போக, 100க்கு 6 முதல் 8 பங்குதான் புரதம். கன்றுத் தீவனத்தில் 18 முதல் 20. நாலரை மாதம்வரை கன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ கன்றுத் தீவனம் தொடரட்டும். குட்டிக்கு 150 முதல் 200 கிராம் அடர்தீவனமும், ஒரு கைப்பிடி பயறு வகைப் பசுந்தழையும். தாது உப்புக் கலவை கன்றுக்கு நாளுக்கு 10 முதல் 20 கிராம். காய்ந்த புல் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். அசைபோட்டு ஊறும் எச்சில்தான் புளிப்பைச் சமன் செய்யும்.

ஆட்டுக்குட்டிகளுக்குச் சைலேஜ் தொடங்கும் முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சத்து மிகுந்த தீவனத்துக்குத் திடீரென்று மாறும்போதுதான் அந்த நோய் கொழுத்த குட்டிகளாகப் பார்த்துத் தூக்கும்.

தினமும் பார்க்க வேண்டியது

வால் அடியைப் பாருங்கள். சாணம் தளர்ந்தால் சைலேஜை நிறுத்தி, இரண்டு நாள் காய்ந்த புல்லும் தண்ணீரும் கன்றுத் தீவனமும் மட்டும். நின்றதும் பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். ரத்தம் கலந்தோ, காய்ச்சலோடோ கழிந்தால் அது தீவனப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. கோழிகளைப் போலவே குட்டிகளுக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி வரும்.

லிஸ்டீரியா பற்றிச் சொல்லாமல் முடியாது. சரியாகப் புளிக்காத, மண் கலந்த, காற்றுப் புகுந்த சைலேஜில் வளரும் கிருமி இது. குட்டி ஒரே பக்கமாக வட்டமடிக்கும். ஒரு காது தொங்கும், ஒரு கண்ணிமை சரியும், வாயோரம் எச்சில் வழியும். வாயிலுள்ள சின்னப் புண்கள் வழியாகப் புகுந்து, முகத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைத்தண்டுக்குப் போகிறது. பல் முளைக்கும், பல் மாறும் வயதில் ஆபத்து கூடுதல். கெட்ட தீவனம் தின்று அறிகுறி தெரிய இரண்டு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் அந்த மூட்டை தீர்ந்து, அடுத்த மூட்டை நன்றாக இருக்கும், "நல்ல சைலேஜ்தானே போட்டேன்" என்று குழம்புவீர்கள். எந்த மூட்டையை எந்தத் தேதியில் திறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மருத்துவர் கேட்கும்போது பதில் இருக்கும். அறிகுறி கண்ட அன்றே அவரை அழைக்க வேண்டும். மறுநாள் என்பது பெரும்பாலும் தாமதம். மனிதருக்கும் தொற்றும் என்பதால், கர்ப்பிணிகள் அந்தக் கொட்டிலில் வேலை பார்க்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கன்றின் நெஞ்சுச் சுற்றளவை அதே நாடாவால், அதே நேரத்தில், தீவனத்துக்கு முன் அளந்து அந்த நோட்டிலேயே எழுதுங்கள். வயிறு மட்டும் பெருத்து நெஞ்சளவு நகரவில்லை என்றால் சைலேஜைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள்.

டிரம்மின் கடைசி அரைச் சாண் அடுக்கு, சாறு தேங்கியது, குட்டிக்கு வேண்டாம்; எருக்குழிக்குத் தள்ளிவிடுங்கள். காலி டிரம்மைக் கழுவி வெயிலில் கவிழ்த்து, அடுத்த லோடு நிரப்புவதற்கு முன் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிட்டு நிரப்புங்கள்.